தொல்லைச் சொத்துச் சட்டம்

தொல்லைச் சொத்துச் சட்டம் என்பது, ஒரு வீட்டிலோ கட்டடத்திலோ பொது அமைதியைக் குலைக்கும் செயல்கள் திரும்பத் திரும்ப நிகழும்போது, அச்செயல்களைச் செய்தவரை மட்டுமன்றி அந்தச் சொத்தின் உரிமையாளரையும் பொறுப்பாக்கும் உள்ளாட்சிச் சட்டம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் நகரங்களிலும் சிற்றூர்களிலும் 1980களுக்குப் பின்னர் இவ்வகைச் சட்டங்கள் பரவலாயின. குறிப்பிட்ட காலத்துக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான முறை காவல்துறை ஒரு முகவரிக்கு வர நேர்ந்தால், அந்த முகவரி "தொல்லைச் சொத்து" என அறிவிக்கப்படும். அதன்பின் உரிமையாளர் தண்டம் செலுத்தவோ, வாடகைக்கு விடும் உரிமத்தை இழக்கவோ நேரிடலாம். இதனைத் தவிர்க்க, குடியிருப்பவரை வெளியேற்றுவதே உரிமையாளர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் வழியாக உள்ளது.

அக்கம்பக்கத்தாரின் அமைதியைக் காப்பதே இச்சட்டங்களின் நோக்கம். எனினும் வன்முறைக்கு உள்ளான ஒருவர் காவல்துறையை அழைத்தால், அந்த அழைப்பும் தொல்லைக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இதனால் உதவி கேட்டவரே வீட்டை இழக்கும் நிலை பல ஊர்களில் ஏற்பட்டது. 2010களில் இது தொடர்பாக வழக்குகள் தொடுக்கப்பட்டன. பல மாநிலங்களும், 2022இல் நடுவண் அரசும், உதவி கேட்கும் உரிமையைக் காக்கும் சட்டங்களை இயற்றின.

சொற்பொருள்

அமெரிக்காவில் நகரவை அல்லது ஊரவை இயற்றும் சட்டம் ஆர்டினன்சு எனப்படும். இந்தியாவில் இதே சொல் குடியரசுத் தலைவரோ ஆளுநரோ பிறப்பிக்கும் அவசரச் சட்டத்தைக் குறிக்கும். இரண்டும் வேறானவை. அமெரிக்க ஆர்டினன்சு, தமிழ்நாட்டின் நகராட்சிகள் இயற்றும் துணைவிதிகளுடன் ஒப்பிடத்தக்கது. ஆயினும் அமெரிக்க உள்ளாட்சிகள் பலவற்றுக்குச் சொந்தக் காவல்துறையும் இருப்பதால், அவற்றின் துணைவிதிகளுக்கு வலு அதிகம்.

தொல்லை என்பது ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் ஒரு கலைச்சொல். அது இருவகைப்படும்.

தனியார் தொல்லை: ஒருவர் தம் நிலத்தையோ வீட்டையோ அமைதியாகத் துய்ப்பதற்கு மற்றொருவர் இடையூறு செய்வது. பாதிக்கப்பட்டவர் உரிமையியல் வழக்குத் தொடரலாம்.

பொதுத் தொல்லை: பொதுமக்கள் அனைவருக்கும் உரிய உடல்நலம், அமைதி, வழிச்செலவு முதலிய உரிமைகளுக்கு இடையூறு செய்வது. இது தொடக்கம் முதலே குற்றமாகக் கருதப்பட்டது.

தொல்லைச் சொத்துச் சட்டங்கள் பொதுத் தொல்லை என்னும் கருத்தில் இருந்து வளர்ந்தவை.

வரலாறு

இடைக்கால இங்கிலாந்தில் அரசனின் நெடுஞ்சாலையை அடைத்தல், ஆற்றை மறித்தல் போன்றவை பொதுத் தொல்லையாகத் தண்டிக்கப்பட்டன. பின்னர் அமைதியைக் குலைக்கும் வீடுகளும் இப்பட்டியலில் சேர்ந்தன. 1751இல் பிரித்தானிய நாடாளுமன்றம் ஒழுங்கற்ற வீடுகள் சட்டத்தை இயற்றியது. சூதாட்ட வீடுகள், பரத்தமை விடுதிகள் போன்றவற்றை நடத்துவோர் மீது வழக்குத் தொடர்வதை இச்சட்டம் எளிதாக்கியது. 1765 முதல் 1769 வரை வெளிவந்த வில்லியம் பிளாக்ஸ்டனின் சட்ட விளக்கவுரையிலும் ஒழுங்கற்ற விடுதிகளும் சூதாட்ட வீடுகளும் பொதுத் தொல்லைகளாகக் குறிப்பிடப்பட்டுள்ளன.

அமெரிக்கக் குடியேற்றங்கள் ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தைப் பின்பற்றியதால் இக்கருத்து அங்கும் வேரூன்றியது. 1909இல் அயோவா மாநிலம் பரத்தமை விடுதிகளைத் தொல்லையாக அறிவித்து மூடுவதற்கான சட்டத்தை இயற்றியது. சாதாரணக் குடிமகனும் இதன்கீழ் நீதிமன்றத்தை அணுகலாம். கட்டடத்தின் உரிமையாளரும் இதற்குக் கட்டுப்பட்டவர். 1913இல் கலிபோர்னியாவும் இத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்தது. குற்றம் செய்தவரைத் தேடுவதற்கு மாறாக, குற்றம் நிகழும் இடத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு இவை முன்னோடிகள்.

1977இல் நியூயார்க் நகரம் தொல்லை ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. டைம்ஸ் சதுக்கப் பகுதியில் பெருகியிருந்த பாலியல் தொழில் நிலையங்களை மூடுவது அதன் தொடக்க நோக்கம். பின்னாளில் இச்சட்டம் சிறு கடைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் எதிராகப் பெருமளவில் பயன்படுத்தப்பட்டது.

1982 மார்ச்சில் ஜேம்ஸ் கியூ. வில்சன், ஜார்ஜ் கெல்லிங் ஆகியோர் "தி அட்லாண்டிக்" இதழில் "உடைந்த சன்னல்கள்" என்னும் கட்டுரையை எழுதினர். சிறிய ஒழுங்கீனங்களைக் கவனிக்காமல் விட்டால் பெரிய குற்றங்கள் பின்தொடரும் என்பது அதன் சாரம். இக்கருத்தும், 1980களில் நகரங்களில் பரவிய போதைப்பொருள் விற்பனையும், சொத்து உரிமையாளர்களைக் காவற்பணியில் ஈடுபடுத்தும் போக்கை வளர்த்தன. சமூகவியலாளர்கள் இதனை மூன்றாம் தரப்புக் காவல் என்பர். 1992இல் அரிசோனா மாநிலத்தின் மேசா நகரக் காவல்துறை, வாடகைக் குடியிருப்புகளுக்கான "குற்றமற்ற குடியிருப்பு" என்னும் திட்டத்தைத் தொடங்கியது. உரிமையாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதும், குற்றச் செயலில் ஈடுபட்டால் குடியிருப்பவரை வெளியேற்றலாம் என்னும் விதியை வாடகை ஒப்பந்தத்தில் சேர்ப்பதும் இதன் கூறுகள். இத்திட்டம் பிற நகரங்களுக்கும் பரவியது. சில ஊர்கள் இதனைக் கட்டாயமாக்கின.

செயல்படும் முறை

சட்டத்தின் விவரங்கள் ஊருக்கு ஊர் வேறுபடும். பொதுவான படிகள் பின்வருமாறு:

1. தொல்லைச் செயல்களின் பட்டியல். பேரிரைச்சல், அடிதடி, போதைப்பொருள் விற்பனை, பரத்தமை, குப்பை கொட்டுதல் முதலியன இதில் அடங்கும். சில ஊர்களில் 911 என்னும் அவசர உதவி எண்ணைத் தவறாகப் பயன்படுத்துவதும் தொல்லையே.
2. எண்ணிக்கையும் கால எல்லையும். விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் 30 நாட்களுக்குள் 3 நிகழ்வுகள் என வரையறுக்கப்பட்டது. பென்சில்வேனியாவின் நோரிஸ்டவுனில் 4 மாதங்களுக்குள் 3 நிகழ்வுகள் என இருந்தது. சில ஊர்களில் ஒவ்வொரு செயலுக்கும் புள்ளிகள் வழங்கிக் கூட்டும் முறை உண்டு.
3. அறிவிப்பு. எல்லை தாண்டியதும் காவல்துறை உரிமையாளருக்குக் கடிதம் அனுப்பும். தொல்லையை எவ்வாறு நீக்கப்போகிறார் என்பதை அவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.
4. தண்டனை. நடவடிக்கை எடுக்காத உரிமையாளரிடம் இருந்து தண்டமோ, காவல்துறை வந்து சென்ற செலவோ வசூலிக்கப்படும். வாடகை உரிமம் நீக்கப்படலாம், கட்டடம் மூடப்படலாம்.

பெரும்பாலான ஊர்களில் ஒரு நிகழ்வைக் கணக்கில் சேர்க்க யாரும் குற்றவாளி என நிறுவப்பட வேண்டியதில்லை; கைது செய்யப்படவும் வேண்டியதில்லை. காவலர் வந்து சென்ற பதிவே போதுமானது. குற்றவியல் வழக்கில் ஐயத்துக்கு இடமின்றிக் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்னும் விதி இங்கு பொருந்துவதில்லை. சட்டத்தின் வேகத்துக்கு இதுவே காரணம். பின்னர் எழுந்த சிக்கல்களுக்கும் இதுவே வேர்.

ஆதரவு வாதங்கள்

இச்சட்டங்களுக்கு மக்களிடையே உண்மையான ஆதரவு உண்டு. ஒரு தெருவில் போதைப்பொருள் விற்கும் வீடு ஒன்று இருந்தால், இரவு முழுதும் வாகனங்கள் வந்து போவதும், சண்டையும், அச்சமும் அத்தெருவில் வாழும் அனைவரையும் பாதிக்கும். விற்பவரைக் கைது செய்தால் அவ்விடத்துக்கு வேறொருவர் வருவார். உரிமையாளரோ வேறு ஊரில் இருந்துகொண்டு வாடகையை மட்டும் பெற்றுக்கொள்வார். இத்தகைய உரிமையாளரைச் செயற்பட வைக்க வேறு வழி இல்லை என்பது ஆதரவாளர்களின் முதன்மை வாதம்.

சில முகவரிகளுக்கே காவல்துறையின் நேரத்தில் பெரும்பங்கு செலவாகிறது என்பதும், அச்செலவைப் பிற வரி செலுத்துவோர் சுமப்பது முறையன்று என்பதும் மற்றொரு வாதம். நீதிமன்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும்போது, ஒரு கடிதம் சில வாரங்களில் பயன் தருகிறது என்றும் நகர நிருவாகங்கள் கூறுகின்றன.

விமரிசனங்கள்

வன்முறைக்கு உள்ளானவர்கள் மீதான தாக்கம்

சமூகவியலாளர் மாத்தியூ டெசுமண்ட், நிக்கோல் வால்டெசு ஆகியோர் மில்வாக்கி நகரில் 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் அனுப்பப்பட்ட தொல்லை அறிவிப்புகளை ஆராய்ந்து, 2013இல் "அமெரிக்கச் சமூகவியல் மீளாய்வு" என்னும் ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டனர். அறிவிப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குடும்ப வன்முறை தொடர்பானவை. உரிமையாளர்களுள் பெரும்பாலோர் அடிபட்ட பெண்ணை வெளியேற்றியோ, இனி அழைத்தால் வெளியேற்றுவதாக எச்சரித்தோ "தொல்லையை நீக்கினர்". கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் உள்ள சொத்துகளுக்கே அளவுக்கு மீறி அறிவிப்புகள் சென்றன என்பதும் அவ்வாய்வின் முடிவு. டெசுமண்ட் 2016இல் வெளியிட்ட "எவிக்டெட்" என்னும் நூலிலும் இதனை விளக்கியுள்ளார். அந்நூல் 2017இல் புலிட்சர் பரிசு பெற்றது. மில்வாக்கி நகரம் 2011இல் தன் சட்டத்தைத் திருத்திக் குடும்ப வன்முறை தொடர்பான அழைப்புகளுக்கு விலக்கு அளித்தது.

விலக்கு மட்டும் போதாது என்பது விமரிசகர்களின் கருத்து. குடும்ப வன்முறை பல நேரங்களில் அண்டை வீட்டாரால் "சண்டை" என்றோ "இரைச்சல்" என்றோ தெரிவிக்கப்பட்டு, காவற்பதிவிலும் அவ்வாறே இடம்பெறுகிறது. பதிவில் தவறான தலைப்பு இருந்தால் விலக்கு பயன்படாது. மேலும், எந்த அழைப்பு எண்ணப்படும், எது எண்ணப்படாது என்பதை அடிபட்டுக் கொண்டிருக்கும் ஒருவர் அறிந்திருக்க இயலாது.

உடல்நலக் குறைவும் ஊனமும்

மனநோயோ பிற நோயோ உள்ளவர்கள் அவசர மருத்துவ உதவியை அடிக்கடி நாட வேண்டியிருக்கும். இவ்வழைப்புகளும் சில ஊர்களில் தொல்லையாக எண்ணப்பட்டன. மின்னசோட்டா மாநிலத்தின் அனோக்கா நகரம், மனநல அழைப்புகள் பற்றிய விவரங்களையும் வீட்டு உரிமையாளர்களுக்கு வாராந்தோறும் அனுப்பி வந்ததாக ஐக்கிய அமெரிக்க நீதித்துறை 2023இல் குற்றம் சாட்டியது. ஊனமுற்ற அமெரிக்கர்கள் சட்டத்தின் அடிப்படையில் எழுந்த இவ்விவகாரம் 2024இல் உடன்பாட்டில் முடிந்தது.

நடைமுறை நீதி

தொல்லை அறிவிப்பு உரிமையாளருக்கே அனுப்பப்படுகிறது. வீட்டை இழக்கப்போகும் குடியிருப்பவருக்கு அறிவிப்போ, விளக்கம் அளிக்கும் வாய்ப்போ பல சட்டங்களில் இல்லை. நியூயார்க் நகரத் தொல்லை ஒழிப்பு வழக்குகளைப் பற்றி நியூயார்க் டெய்லி நியூஸ், புரோபப்ளிகா ஆகியவை இணைந்து புலனாய்வுச் செய்திகளை வெளியிட்டன. எதிர்த்தரப்பு வாதத்தைக் கேட்கும் முன்னரே குடும்பங்கள் வெளியேற்றப்பட்டதை அவை வெளிக்கொணர்ந்தன. இச்செய்திகள் 2017இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசைப் பெற்றன. அதே ஆண்டில் நகரவை அச்சட்டத்தைக் கட்டுப்படுத்தும் திருத்தங்களை நிறைவேற்றியது.

குறிப்பிடத்தக்க வழக்குகள்

நோரிஸ்டவுன், பென்சில்வேனியா

பிலடெல்பியாவுக்கு அருகில் உள்ள இவ்வூரில், முன்னாள் காதலனால் தாக்கப்பட்டு வந்த பெண் ஒருவர் தொல்லைச் சட்டத்தின்கீழ் எச்சரிக்கப்பட்டிருந்தார். மேலும் காவல்துறை வந்தால் வீட்டை இழக்க நேரிடும் என்பதால் அவர் உதவி கேட்கவே அஞ்சினார். 2012 சூனில் அவர் கழுத்தில் கண்ணாடித் துண்டால் குத்தப்பட்டபோதும், காவல்துறையை அழைக்க வேண்டாம் என்று அண்டை வீட்டாரிடம் வேண்டினார். எனினும் அழைப்பு சென்றது. அவர் உலங்கு வானூர்தியில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். சில நாட்களில், அவரை வெளியேற்றுமாறு ஊர் நிருவாகம் வீட்டு உரிமையாளரை வற்புறுத்தியது. 2013இல் அமெரிக்கக் குடியியல் உரிமைகள் ஒன்றியம் அவர் சார்பில் வழக்குத் தொடர்ந்தது. 2014இல் 4,95,000 டாலர் இழப்பீட்டுடன் வழக்கு முடிவுற்றது. ஊர் நிருவாகம் அச்சட்டத்தை நீக்க உடன்பட்டது.

மேப்பிள்வுட், மிசூரி

செயின்ட் லூயிஸ் நகரின் புறநகரான இங்கு, 180 நாட்களுக்குள் குடும்ப வன்முறை தொடர்பாக இரண்டு முறைக்கு மேல் காவல்துறை அழைக்கப்பட்டால் அவ்வீடு தொல்லையாகக் கருதப்பட்டது. தம்மைத் தாக்கியவர் பற்றி முறையிட்ட பெண் ஒருவரின் குடியிருப்பு அனுமதி 2012இல் நீக்கப்பட்டது. ஆறு மாதங்களுக்கு அவர் அவ்வூரில் எங்கும் குடியிருக்க இயலாது. வேறிடம் சென்ற அவர் அங்கும் அதே ஆளால் தாக்கப்பட்டார். 2017இல் தொடுக்கப்பட்ட வழக்கு 2018இல் உடன்பாட்டில் முடிந்தது.

குரோட்டன், நியூயார்க் மாநிலம்

புள்ளி முறையைப் பின்பற்றிய இவ்வூரின் சட்டத்தை 2017இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என அறிவித்தது. காவல்துறையின் உதவியைக் கோருவது, அரசிடம் முறையிடும் உரிமையின் பாற்பட்டது. அவ்வுரிமை அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தத்தால் காக்கப்படுவது. உதவி கேட்பதைத் தயங்க வைக்கும் அளவுக்குச் சட்டம் விரிந்துள்ளது என்பது தீர்ப்பின் அடிப்படை.

எசுப்பீரியா, கலிபோர்னியா

2016இல் நடைமுறைக்கு வந்த இந்நகரச் சட்டம், குற்றச் செயலில் ஈடுபட்டதாகக் காவல்துறை அறிவிக்கும் குடியிருப்பாளரை வெளியேற்றுமாறு உரிமையாளர்களைக் கட்டாயப்படுத்தியது. கைதோ தீர்ப்போ தேவையில்லை. கறுப்பின, இலத்தீனோ மக்களைக் குறிவைத்ததாக நீதித்துறை 2019இல் வழக்குத் தொடர்ந்தது. 2022இல் நகரம் சட்டத்தை முடிவுக்குக் கொண்டுவரவும், 9,50,000 டாலர் செலுத்தவும் உடன்பட்டது.

சட்டச் சீர்திருத்தம்

நோரிஸ்டவுன் நிகழ்வைத் தொடர்ந்து 2014இல் பென்சில்வேனியா மாநிலம், வன்முறை, குற்றம், அவசரநிலை ஆகியவற்றுக்காகக் காவல்துறையை அழைப்பவரைத் தண்டிக்கும் உள்ளூர்ச் சட்டங்களைத் தடை செய்தது. 2015இல் இலினொய் மாநிலமும் 2018இல் கலிபோர்னியாவும் இதே நோக்குடைய சட்டங்களை இயற்றின. கலிபோர்னியா 2023இல் மேலும் ஒரு படி சென்றது. காவல்துறையுடன் ஏற்பட்ட தொடர்பை மட்டுமே காரணமாகக் காட்டிக் குடியிருப்பவரை வெளியேற்ற உள்ளாட்சிகள் கட்டாயப்படுத்துவதை அவ்வாண்டின் சட்டம் தடுத்தது. இது 2024 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

நடுவண் அரசு அளவில், 1968ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் இனம், பால் முதலியவற்றின் அடிப்படையில் வேறுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. குடும்ப வன்முறைக்கு உள்ளாவோரில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால், அவர்களைத் தண்டிக்கும் தொல்லைச் சட்டம் பால் வேறுபாடு ஆகலாம் என்று வீடமைப்பு, நகர மேம்பாட்டுத் துறை 2016 செப்டம்பரில் ஒரு வழிகாட்டுதலில் விளக்கியது.

2022 மார்ச் 15 அன்று கையொப்பமான பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டத்தின் புதுப்பிப்பு, வீட்டில் இருந்தபடி குற்றத்தையும் அவசரநிலையையும் தெரிவிக்கும் உரிமையை வெளிப்படையாக வழங்கியது. இதன்படி, உதவி கேட்டதற்காகவோ, தாம் பாதிக்கப்பட்ட குற்றத்துக்காகவோ ஒருவருக்குத் தண்டம் விதித்தல், அவரை வெளியேற்றுதல், அவரது வீட்டைத் தொல்லை என அறிவித்தல் ஆகியன கூடா. இவ்வுரிமை குடியிருப்பவருக்கு மட்டுமன்றி வீட்டு உரிமையாளருக்கும் உண்டு. சமுதாய மேம்பாட்டுத் தொகுதி மானியம் பெறும் அரசு அமைப்புகளை இது கட்டுப்படுத்தும். அம்மானியத்தின் வரம்புக்கு வெளியே, பாதுகாப்பு அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது.

பிற நாடுகளில்

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2014ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தை, குற்றம் மற்றும் காவல் சட்டத்தின்கீழ் தொல்லை தரும் இடத்தை மூடலாம். காவல்துறையோ உள்ளாட்சியோ 48 மணி நேரம் வரை மூடல் அறிவிப்பை வெளியிடலாம். அதற்கு மேல் மூட நீதிமன்ற ஆணை தேவை. அவ்வாணை 3 மாதங்கள் வரை செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் 6 மாதங்களைத் தாண்டக்கூடாது. அழைப்புகளின் எண்ணிக்கை மட்டும் முடிவு செய்வதில்லை; நீதிமன்றம் நடத்தையையும் தேவையையும் ஆராய்கிறது.

இந்தியாவிலும் பொதுத் தொல்லை பற்றிய சட்டம் ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் இருந்தே வந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 268ஆம் பிரிவு அதனை வரையறுத்தது. 2024 சூலை 1 முதல் அவ்விடத்தில் பாரதிய நியாய சன்கிதாவின் 270ஆம் பிரிவு உள்ளது. தொல்லையை நீக்குமாறு நிருவாக நடுவர் நிபந்தனை ஆணை பிறப்பிக்கும் முறை, முன்னர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவிலும், இப்போது பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதாவின் 152ஆம் பிரிவிலும் உள்ளது. ஆணை பெற்றவர் நடுவர் முன் தோன்றி மறுப்புத் தெரிவிக்கலாம். காவல்துறை அழைப்புகளை எண்ணி ஒரு வீட்டைத் தொல்லை என அறிவிக்கும் அமெரிக்க முறை இப்பிரிவுகளில் இல்லை.

இவற்றையும் பார்க்கவும்

பொதுத் தொல்லை
குடும்ப வன்முறை
உடைந்த சன்னல்கள் கோட்பாடு
வாடகைக் கட்டுப்பாடு
உள்ளாட்சி அமைப்புகள்